அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்த பின்னேரம்

என் கையில் ஒலிவாங்கி இருந்தது. பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் என் அம்மா இருந்தார். எங்களுக்கு எதிரே, கோப்பிக் கோப்பைகளோடு, ஐம்பது டேனிஷ் முதியவர்கள்.

"உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று முன்வரிசையில் நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்த ஒரு மூதாட்டி டேனிஷில் கேட்டார். நான் அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன்.

"ஒரு மகள் இருக்கிறா," என்றார் அம்மா. "யுனிவர்சிட்டியிலை படிக்கிறா."

நான் அதை டேனிஷில் சொன்னேன். பல தலைகள் மகிழ்ச்சியோடு அசைந்தன.

"அவர் இன்றைக்கு வந்திருக்கிறாரா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கைப்பையின் வாரைச் சரிசெய்தார்.

"இல்லை. அவவுக்கு இண்டைக்கு நேரமில்லை."

அதையும் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த மகள் நான்தான்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நல்லதையே எழுதி வந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவள், முதன்முதலாகப் பல்கலைக்கழகப் படி ஏறியவள் என்றெல்லாம். அவை பொய்யில்லை. ஆனால் சென்ற வாரம் ஒரு வாசகர், தன் மகளுக்கு என் கட்டுரைகளை வாசித்துக் காட்டுவதாக எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு அந்தப் பின்னேரத்தை மறைத்து வைத்திருக்க என்னால் முடியவில்லை.

யாருக்கும் நினைவில்லாத படம்

இரண்டு மூன்று குளிர்காலங்களுக்கு முன்னர் நடந்தது. நான் ஓல்போர்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்கட்டுரைக்கு நான் எடுத்தது ஒரு பழைய பிரிட்டிஷ் படம். கறுப்பு வெள்ளை, பாட்டும் பகிடியுமாகப் போகிற படம். பெயர் சொன்னாலும் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இங்கிலாந்திலேயே அதை மறந்துவிட்டார்கள்.

கதை சின்னது. லண்டன் மீன்சந்தையில் நண்டு விற்கிற ஒருத்தி, பின்னேரங்களில் மியூசிக் ஹாலில் பாடுகிறாள். மியூசிக் ஹால் என்றால் இசைக் கச்சேரி மண்டபம் இல்லை. குடித்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் சனங்கள் பாட்டுக் கேட்கிற இடம். பாட்டுப் பிடித்தால் எல்லாரும் பல்லவியைச் சேர்ந்து பாடுவார்கள். பிடிக்காவிட்டால் மேடையைப் பார்த்துக் கத்துவார்கள். பாடுகிறவளும் திருப்பிக் கத்துவாள்.

அவளுடைய பெயர்போன பாட்டு, ஒரு முட்டை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பி வராத கணவனைப் பற்றியது. ஒவ்வொரு சரணத்திலும் அவனை யாரோ ஓரிடத்தில் கண்டதாகச் சொல்வார்கள். துறைமுகத்தில் கண்டேன், குதிரைப் பந்தயத்தில் கண்டேன், இன்னொருத்தியோடு கண்டேன். "முட்டை எங்கே?" என்று பல்லவி. பிறகு இரண்டு கைதட்டு, ஒரு மிதி.

பெரிய நாடக அரங்கின் முதலாளி ஒருவர் அவளை அழைக்கிறார். ஒரு நிபந்தனை, அவள் "ஒழுங்காக" ஆங்கிலம் பேச வேண்டும். வாத்தியார் வைத்து அவளுடைய பேச்சைத் திருத்துகிறார்கள். முதல் காட்சியன்று, திருத்திய ஆங்கிலத்தில் அந்த முட்டைப் பாட்டைப் பாடுகிறாள். அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் பாட்டை நிறுத்தி, வெள்ளைக் கையுறைகளைக் கழற்றிப் பியானோவின் மேல் எறிந்துவிட்டு, மீன்சந்தைக் குரலில் மறுபடி தொடங்குவாள். படத்தின் உச்சம் அதுதான்.

அந்தக் கையுறைக் காட்சியைப் பற்றி மட்டும் பதினொரு பக்கம் எழுதினேன். என் பேராசிரியர் ஓரத்தில் "மிக நுட்பமான பார்வை" என்று குறித்திருந்தார். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். இப்போது அதைப் பார்க்க முகம் சுடுகிறது.

பக்க எண்

ஸ்கீவ நகர நூலகத்தில் மாதம் ஒரு புதன்கிழமை, பிற்பகலில், ஓய்வுபெற்றவர்களுக்குப் பழைய படம் காட்டுவார்கள். படத்துக்கு முன்னர் ஒருவர் இருபது நிமிடம் அறிமுக உரை ஆற்றுவார். பேராசிரியர் என் பெயரைக் கொடுத்திருந்தார். அதுவே என் முதல் மேடை.

கிரின்ஸ்டெட்டில் இருந்த அம்மாவுக்கு அன்றே தொலைபேசியில் சொன்னேன். பெருமை அடக்க முடியவில்லை.

"மேடையிலை ஏறிக் கதைக்கப் போறியோ? டேனிஷ் ஆக்களுக்கோ?"

"ஓம் அம்மா. என்னைத்தான் கூப்பிட்டிருக்கினம்."

"அப்ப நான் லீவு போடுறன்."

"நீங்கள் ஏன் அம்மா? அது இங்கிலிஷ் படம். கீழை டேனிஷிலை எழுத்து ஓடும். உங்களுக்கு ஒண்டும் விளங்காது."



"படம் பாக்க ஆர் வாறது? உன்னைப் பாக்கத்தானே வாறது."

"வேண்டாம் அம்மா. தூரம். நேர் பஸ்ஸும் இல்லை."

உண்மையிலேயே தூரம்தான். கிரின்ஸ்டெட்டில் ரயில் இல்லை. ஆனால் நான் வேண்டாம் என்றது தூரத்துக்காக இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அந்தப் புதன்கிழமை என் உரை நன்றாகவே தொடங்கியது. டேனிஷ்காரருக்கும் கூட்டாகப் பாடுவது பிடிக்கும் என்று சொன்னேன். கூட்டம் எதுவானாலும் நீலநிறப் பாட்டுப் புத்தகத்தை விரித்து எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். "ஆனால் பக்க எண் சொல்லாமல் நீங்கள் வாயைத் திறக்கமாட்டீர்கள். மியூசிக் ஹாலில் பக்க எண் கிடையாது," என்றேன். சபை சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக ஐந்து நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருடைய குரல் மேடைக்குத் தகுதியானது என்பதே இந்தப் படம் நம்மிடம் கேட்கிற கேள்வி," என்றேன்.

அப்போதுதான் கதவு திறந்தது.

ஐஸ்கிறீம் பெட்டி

அம்மா கடும்பச்சைக் குளிரங்கி போட்டிருந்தார். உள்ளே, கோயில் திருவிழாவுக்கு உடுக்கிற மெரூன் சேலை. கீழே பனிச் சப்பாத்து. கையில் இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று. அதற்குள் என்ன இருக்கும் என்று எங்கள் ஆட்கள் யாரையும் கேட்டால் சொல்வார்கள். ரோல்ஸ்.

எங்கள் வீடுகளில் ஒருவர் மேடையேறினால் வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை. பிள்ளையின் நடன அரங்கேற்றமோ, தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவோ, ஆளுக்கொரு பெட்டி கொண்டுபோவார்கள். என் பட்டமளிப்புக்கும் அம்மா கொண்டுவருவார் என்று நான் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் ஏறி வந்திருந்தார். முன்வரிசையில் வெறுமையாக இருந்த இடத்தில் போய் அமர்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. குறிப்புகளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். மிச்ச உரையை முதல் வரிசையைத் தவிர்த்து, பின்சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தே பேசி முடித்தேன்.

கைதட்டல் வந்தது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார். யார் என்று பார்க்கத் தேவையில்லை.

விளக்கு அணைந்து படம் ஓடத் தொடங்கியதும் அம்மா பெட்டியைத் திறந்தார். பொரித்த மாவும் கறித்தூளும் மிளகும் மணத்தன. நூலகத்தில் அப்படி ஒரு மணம் அதற்கு முன்னர் எழுந்திருக்காது. பக்கத்தில் இருந்த நீலக் கம்பளிச் சட்டை மூதாட்டிக்கு ஒன்றை நீட்டினார். அவர் வாங்கிக் கடித்தார். "ஓ!" என்றார். பெட்டி வரிசையில் நகர்ந்தது. நான் சுவரோரம் நின்று, அது எந்த வரிசையில் போகிறது என்பதை மணத்தை வைத்தே அறிந்துகொண்டிருந்தேன்.

சொல் தேவையில்லாத பாட்டு

இங்கே அம்மாவின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அம்மா ஊரில் மூன்றாம் வகுப்பு வரை போனவர். பிறகு இடப்பெயர்வு, அதன் பிறகு வேலை, அதன் பிறகு டென்மார்க். கிரின்ஸ்டெட்டில் முதலில் தொழிற்சாலை ஒன்றில் நின்றார். பிறகு முதியோர் இல்லத்துக்கு மாறினார். காலையில் முதியவர்களை எழுப்பி, கழுவி, உடுப்பு மாற்றி, மேசைக்குக் கொண்டுவருவது அவருடைய வேலை.

நினைவு தவறியவர்கள் சிலர் குளிக்க மறுப்பார்கள், கடிக்கவும் வருவார்கள். அம்மா அவர்களோடு வாதாடுவதில்லை. கை தட்டித் தட்டிப் பாடத் தொடங்குவார். அவர்களுடைய சின்ன வயதுப் பாட்டுகளின் மெட்டுகளை இல்லத்து வானொலியில் கேட்டுப் பிடித்து வைத்திருந்தார். சொற்கள் தெரியாது. "நன் நன் நா" என்று போவார். எதிரே இருக்கிறவர் கொஞ்ச நேரத்தில் சொற்களைப் போட்டுப் பாடத் தொடங்குவார். பாடிக்கொண்டே கையைத் தூக்குவார், காலை நீட்டுவார். குளிப்பு முடிந்துவிடும்.

"சொல்லு மறந்துபோகும். மெட்டு அங்கைதான் கிடக்கும். நாங்கள் தட்டினால் எழும்பும்," என்று ஒருமுறை எனக்குச் சொன்னார். நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

ஆகவே திரையில் நண்டு விற்கிறவள் இடுப்பில் கை வைத்து, நேரே எங்களைப் பார்த்து, "எல்லாரும் சேர்ந்து!" என்று கத்தியபோது, ஐம்பது பேரில் ஒருவருக்கு மட்டும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

"நன் நன் நா நா," என்று அம்மா பாடினார். இரண்டு கைதட்டு. பனிச் சப்பாத்தால் ஒரு மிதி.

பின்வரிசையில் யாரோ "உஷ்" என்றார்கள். அம்மாவுக்கு அது கேட்கவில்லை, அல்லது குளிக்க மறுக்கிறவரின் முணுமுணுப்பாக எடுத்துக்கொண்டார். இரண்டாம் சரணம் முடிந்ததும் இன்னும் பலமாகத் தட்டினார். நீலச் சட்டை மூதாட்டி சேர்ந்துகொண்டார். அவருக்கு அடுத்தவர் சேர்ந்தார். நான்காம் சரணத்தில் பாதி மண்டபம் மிதித்துக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவர் கைத்தடியால் தரையைக் குத்திக்கொண்டு "முட்டை எங்கே? முட்டை எங்கே?" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

இருபது நிமிடம் பேசி நான் விளக்க முயன்றதை அம்மா நான்கு சரணங்களில் செய்துகாட்டிவிட்டார். இது இன்றைக்கு எனக்கு விளங்குகிறது. அன்று நான் நினைத்தது வேறு. அந்தச் சேலையும் சப்பாத்தும் எண்ணெய் மணமும் அந்த "நன் நன் நா"வும் என்னுடையவை என்று இவர்களுக்குத் தெரியக்கூடாது. அதை மட்டும்தான் நினைத்தேன்.

ஒரே ஒரு வசனம்

படம் முடிந்து விளக்கு எரிந்தது. நிகழ்ச்சியை நடத்துகிற நூலகர் கிர்ஸ்டன் என்னிடம் ஓடிவந்தார். கன்னம் சிவந்திருந்தது.

"பத்து வருடமாக இந்தப் புதன்கிழமைகளை நடத்துகிறேன், இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. யார் அந்தப் பெண்? உனக்குத் தெரிந்தவரா?"

நான் சொன்னது இதுதான்: "அவருடைய மொழி எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். பொய் என்று யாரும் பிடிக்க முடியாத வசனம். அதனால்தான் அது என்னை இன்றுவரை விடவில்லை.

"அருமை! அப்படியென்றால் நீ டொல்க் ஆக இரு," என்றார் கிர்ஸ்டன். டொல்க் என்றால் மொழிபெயர்ப்பாளர். டென்மார்க்கில் அகதியாக வந்து இறங்கிய எவருக்கும் முதலில் தெரியவந்த டேனிஷ் சொல் அதுவாகத்தான் இருக்கும். பொலிஸ், வைத்தியர், கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகம், எங்கு போனாலும் முதலில் அந்தச் சொல்தான் வரும்.

கிர்ஸ்டன் அதை உரக்கச் சொன்னார். அம்மா மூன்றடி தள்ளி நின்றார். மூதாட்டி ஒருவரின் சால்வையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவருடைய கை ஒரு கணம் நின்றது. பிறகு சால்வையைத் தோளில் போட்டுச் சரிசெய்தது.

அம்மாவுக்கு டேனிஷ் தெரியும். வேலைக்குப் போதுமான டேனிஷ், அதற்கு மேலும் கொஞ்சம். டொல்க் அவருக்குத் தேவையே இல்லை.

கிர்ஸ்டன் அம்மாவிடம் பெயரும் முகவரியும் கேட்டு எழுதிக்கொண்டார். எங்கள் வழக்கம் அங்கே எனக்குத் துணை போனது. அம்மாவின் பெயருக்குப் பின்னால் அவருடைய தகப்பனின் பெயர். என் பெயருக்குப் பின்னால் என் தகப்பனின் பெயர். டேனிஷ் கடதாசியில் நாங்கள் இருவரும் ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு பெண்கள்.

மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். அம்மா அமர்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, அந்நியப் பிள்ளை ஒன்றிடம் கதைக்கிற மரியாதையோடு, "சொல்லுங்கோ தங்கச்சி, என்ன கேக்கினம்?" என்றார்.

அந்த நொடியில் நான் நிறுத்தியிருக்கலாம். "அம்மா, என்ன இது" என்று சொல்லியிருக்கலாம். மண்டபம் சிரித்திருக்கும், அவ்வளவோடு போயிருக்கும். நான், "பாட்டு எங்கை பழகினனீங்கள் எண்டு கேக்கினம்," என்றேன்.

மொழிபெயர்ப்பில் நான் கெட்டிக்காரி என்று இந்தத் தொடரின் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். பத்து வயதிலிருந்து வீட்டுக்கு நான்தான் டொல்க். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுகிற நாளில், என்னைப் பற்றி ஆசிரியை சொல்வதை நானே அம்மாவுக்குச் சொல்வேன். ஒருமுறை ஆசிரியை, நான் கெட்டிக்காரி, ஆனால் மற்றப் பிள்ளைகளை மட்டம் தட்டுகிறேன், மெதுவாகப் படிக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நீளமாகச் சொன்னார். நான் திரும்பி, "கெட்டிக்காரியாம்," என்றேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா சிரித்தார். "டீச்சர் பாவம், அவ்வளவு நேரம் கதைச்சவ. நீ ஒரு சொல்லிலை முடிச்சிட்டாய்." அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கு எவ்வளவு விளங்கியிருந்தது என்று நானும் கேட்கவில்லை.

ஸ்கீவ நூலகத்தில், என் வாழ்நாளில் முதன்முறையாக, அம்மா சொன்னதை எதையும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். முதியோர் இல்லத்தில் பாடுவதை. மெட்டு அங்கேயே கிடக்கும் என்பதை. மகளுக்கு இன்றைக்கு நேரமில்லை என்பதை.

முடிவில் அம்மாவுக்கு மஞ்சள் ருலிப் பூங்கொத்து கொடுத்தார்கள். எனக்கு உரைக்காகவும் மொழிபெயர்ப்புக்காகவும் ஒரு போத்தல் சிவப்பு வைன்.

வாசலில் கிர்ஸ்டன் என் பக்கத்தில் நின்றார். அம்மா என்னிடம் வந்தார். கையை நீட்டினார். "தக் ஃபோ யெல்பென்," என்றார் டேனிஷில். உதவிக்கு நன்றி.

அம்மா எனக்குத் தலை வாரியிருக்கிறார், காய்ச்சலுக்கு நெற்றியில் கை வைத்திருக்கிறார், அடித்துமிருக்கிறார். கை குலுக்கியது அதுதான் முதல் தடவை. அவருடைய உள்ளங்கை, முதியவர்களை நாள் முழுக்கக் கழுவிக் கழுவி, மரப்பட்டை மாதிரிச் சொரசொரப்பாக இருந்தது.

ரயில் நிலையத்தில்

சிநேகிதி ஒருத்தியின் காரை இரவல் வாங்கித்தான் நான் வந்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா நடைமேடை வாங்கிலில், பூங்கொத்தை ஐஸ்கிறீம் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு இருந்தார்.

என்னைக் கண்டதும் முதலில் என் பின்னால் பார்த்தார். "ஏன் வந்தனீ? அந்த மனுசி கண்டால்?"

"காணட்டும் அம்மா. வாங்கோ, காரிலை கொண்டுபோய் விடுறன்."

"ரிக்கற் எடுத்திட்டன்."

நான் பக்கத்தில் அமர்ந்தேன். எதிர்த் தண்டவாளத்தில் ஒரு காகம் எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

"ஏனம்மா அப்பிடிச் சொன்னீங்கள்? மகள் வரேல்லை எண்டு?"

"நீ சொல்லேல்லை. பேந்து நான் எப்பிடிச் சொல்லுறது?" அம்மாவின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். "நீ நல்லாக் கதைச்சாய். எல்லாரும் உன்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தவை. நான் வந்ததும் என்னைப் பாக்கத் தொடங்கிட்டினம். எனக்கு அது விளங்கினது."

"அதில்லை அம்மா..."

"அதுதான்," என்றார். பெட்டியைத் திறந்தார். அடியில் கடதாசிக்குள் இரண்டு ரோல்ஸ். "உனக்கெண்டு எடுத்து வச்சனான். மத்தியானமும் சாப்பிட்டிருக்கமாட்டாய்."

சாப்பிட்டேன். ஆறிப் போயிருந்தது. ரயில் வந்தது. யன்னலோரம் அமர்ந்தவர், கையசைக்காமல் பூங்கொத்தையே பார்த்துக்கொண்டு போனார்.

மறுபடியும் ஒரு புதன்

அந்த வைன் போத்தலை நான் திறக்கவில்லை. ஓல்போர்க் அறையில் புத்தகத் தட்டில், என் ஆய்வுக்கட்டுரைக்குப் பக்கத்தில் நின்றது. வந்தவர்கள் ஏது என்று கேட்டால், "உரை ஆற்றினேன், தந்தார்கள்," என்பேன். அங்கேயும் பாதியைத்தான் சொன்னேன்.

வசந்தம் தொடங்கும்போது அம்மா தொலைபேசி எடுத்தார்.

"ஸ்கீவயிலை இருந்து கடிதம் வந்திருக்கு. பாட்டுப் பாட வரட்டாம். அந்தப் படத்திலை பாட்டு வாற துண்டை மட்டும் திரும்பப் போடுவினமாம்."

"போங்கோ அம்மா."

"டொல்க்கும் வருவாவாம் எண்டு எழுதியிருக்கு." என்றார். "அந்தத் தங்கச்சிக்கு நேரம் இருக்குமோ தெரியேல்லை."

பகிடியாகத்தான் சொன்னார். பிறகு இருவருமே சிரிக்கவில்லை.

இந்த முறை கிரின்ஸ்டெட்டுக்குப் போய் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒரு சிறிய அட்டையில் டேனிஷில் ஒரே ஒரு வசனம் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன். "இவர் என் அம்மா." எழுதி வைக்க வேண்டிய அவசியமே இல்லாத வசனம், இரண்டு வயதுக் குழந்தையும் சொல்லும். தொடங்கியதும் முதலில் அதைச் சொல்வது என்று முடிவு.

ஆனால் கிர்ஸ்டன் முந்திக்கொண்டார். கையில் ஒரு தாளோடு எழுந்து, அம்மாவின் பெயரைச் சொன்னார். என் பெயரைச் சொல்லி, "எங்கள் டொல்க்," என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அட்டை பைக்குள்ளேயே இருந்தது. பிறகு சொல்லலாம், பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று எனக்குள் ஒரு குரல் தொடங்கியது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

நீலச் சட்டை மூதாட்டி அதே இடத்தில் இருந்தார். இங்கர் என்று பெயர். அம்மாவைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன முறை உங்கள் மகளுக்கு நேரமில்லை என்றீர்கள். இந்த முறையாவது வந்தாரா?"

பழக்க தோஷத்தில் நான் அம்மாவிடம் திரும்பினேன். "மகள் வந்திருக்கிறாவோ எண்டு கேக்கிறா."

"விளங்கினது," என்றார் அம்மா. என் முகத்தை நேரே பார்த்தார். "அது எனக்குத் தெரியாது. நீயே சொல்லு."

இந்தக் கட்டுரையை அச்சில் போடலாமா என்று அம்மாவிடம் கேட்டபோது இந்த இடத்தைத்தான் வாசித்துக் காட்டினேன். "போடு. ரோல்ஸ் நல்லா இருந்ததெண்டும் போடு," என்றார். போட்டுவிட்டேன். தமிழில் எழுதுவது எனக்குச் சுலபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கீவயில் அன்று இருந்த ஒருவரும் இதை வாசிக்கப்போவதில்லை. "இவர் என் அம்மா" என்கிற அந்த வசனத்தை டேனிஷில் சொல்ல எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் எடுத்தது. அப்போதும் முழுதாகச் சொல்லவில்லை.

ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோனேன்.

"ஆம். வந்திருக்கிறார்," என்றேன்.

டொல்க் சொல்கிற மாதிரியே வந்தது, படர்க்கையில். இங்கர் மகிழ்ந்துபோய்ப் பின்னால் திரும்பினார். "எங்கே? எங்கே?" அவரோடு முழு மண்டபமும் திரும்பியது. கதவைப் பார்த்தார்கள், கடைசி வரிசையைப் பார்த்தார்கள், கோப்பி மேசையைப் பார்த்தார்கள். அந்த மகளைத் தேடினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஐம்பது நரைத்த பின்தலைகள்.

நான் கையைத் தூக்கினேன்.

பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதலில் தூக்குகிற கை அது. விடை தெரியும் என்று ஆசிரியைக்கும் வகுப்புக்கும் காட்டிக்கொண்டிருந்த கை. அன்றைக்கு அதைப் பார்க்க ஒருவரும் என் பக்கம் திரும்பியிருக்கவில்லை. ஆனாலும் இறக்கவில்லை.

முதலில் திரும்பியவர் கிர்ஸ்டன். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. யாரும் கைதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. இங்கரின் வாய் மெல்லத் திறந்து மூடியது. போன முறை என் வாயால் கேட்டதெல்லாம் அவருக்கு நினைவு வந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு கோப்பை தட்டில் வைக்கப்பட்ட சத்தம்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அம்மா என் முழங்கையைப் பிடித்தார்.

"கையைக் கீழை விடு பிள்ளை," என்றார். "பாட்டைப் போடச் சொல்லு."

நான் அதை டேனிஷில் சொன்னேன்.